போலீஸ் ஸ்கேனரில் பன்வில

1

நான் இப்போது வசிக்கும் நாட்டில் போலீஸ் வயர்லெஸ்ஸில் பேசிக்கொள்வதை யாரும் கேட்கலாம். அதற்கான கருவியைக் கடையில் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளலாம். லைசென்ஸ் கிடையாது. ஆனால் கேட்டதை இன்னொருவருக்குச் சொல்லக் கூடாது. கேட்டதை வைத்து எதுவும் செய்யவும் கூடாது. சட்டத்தைப் பிரிவு பிரிவாகப் படித்தேன். காதைத் திறந்து வைத்துக்கொள், வாயையும் காலையும் கட்டிக்கொள் என்பதுதான் அதன் சாரம். கண்டியில் ஓர் அரச அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் நான் பார்த்த உத்தியோகமும் ஏறத்தாழ அதுதான் என்பதால், சட்டம் எனக்குப் புதிதாகத் தோன்றவில்லை.

அலுவலகத்தின் பெயரை எழுத மாட்டேன். ஓய்வூதியம் இன்னும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வருகிறது. நான் உயிரோடு இருக்கிறேன் என்று வருடந்தோறும் ஒரு சான்றிதழ் அனுப்ப வேண்டும். போன தடவை, கையெழுத்து முந்திய வருடத்துக் கையெழுத்தை ஒத்திருக்கவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கோபம் வரவில்லை. அந்த மேசையில் நான் இருந்திருந்தாலும் திருப்பித்தான் அனுப்பியிருப்பேன்.

மனைவி போன பிறகு மகன் ரவி என்னை இங்கே, கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தின் ஒரு சிறு நகரத்துக்கு, அழைத்துக்கொண்டான். அவனும் மருமகள் மாலதியும் வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் பேச்சுக்குரல் இல்லை. ஸ்கேனர் வாங்கி இந்த மாதத்தோடு மூன்று வருடம். அதைப் பற்றி ஊரில் இருப்பவர்களுக்கு எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். இப்போது எழுதக் காரணமும் வந்துவிட்டது.

டிஜிட்டல் ஸ்கேனரைப் பெட்டியிலிருந்து எடுத்துச் சொருகினால் ஒன்றும் கேட்காது. அதற்கு எழுதிக் கொடுக்க வேண்டும். இந்த மாவட்டத்தின் போலீஸ், தீயணைப்பு, பனி வாரும் லாரிகள் எல்லாம் ஒரு சில அலைவரிசைகளைத் தமக்குள் பங்குபோட்டுக்கொள்கின்றன. யார் பேச வாய் திறந்தாலும் அந்தக் கணத்தில் காலியாக இருப்பதை ஒரு கணினி ஒதுக்கிக் கொடுக்கிறது. கட்டுப்பாட்டு அலைவரிசை என்று ஒன்று உண்டு. அதில் பேச்சே இருக்காது. எந்தக் குழு இப்போது எங்கே பேசுகிறது என்று இலக்கங்களை மட்டும் ஓயாமல் அனுப்பிக்கொண்டிருக்கும். எங்கள் அலுவலகத்துத் தலைமைப் பியோன் நினைவுக்கு வந்தார். எந்தக் கோவை, அதாவது எந்த பைல், எந்த மேசையில் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்; கோவைக்குள் என்ன என்பது அவருக்குத் தேவையில்லை. பியோனைக் கையில் போட்டுக்கொண்டால் போதும் என்று எனக்கு விளங்கிவிட்டது. கட்டுப்பாட்டு அலைவரிசையைக் கொடுத்தேன், குழுக்களின் இலக்கங்களைக் கொடுத்தேன், ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தேன்.

அப்படியும் மூன்று வாரம் கேத்தல் கொதிக்கும் சத்தம்தான் வந்தது. இரண்டு கோபுரங்கள் ஒரே பேச்சை ஒரே நேரத்தில் அனுப்புகின்றன. மயிரிழை பிந்தி வருவது முந்தி வருவதைக் குழப்பிவிடுகிறது. இரண்டு பேர் ஒரே முறைப்பாட்டை ஒன்றாகச் சொன்னால் கிளார்க் என்ன செய்வான், ஒருவரை வெளியே நிற்கச் சொல்வான். ஒரு கோபுரம் சுவருக்குப் பின்னால் மறையும்படி ஸ்கேனரை வீடெல்லாம் கொண்டு திரிந்தேன். சாப்பாட்டு அறையில், அலுமாரிக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் நடுவே ஒரு கதிரையில் வைத்தபோது ஒரு பெண்குரல் பளிச்சென்று சொன்னது: நெடுஞ்சாலையில் ஒரு மெத்தை கிடக்கிறதாம்.

அன்றிலிருந்து அந்தக் கதிரை ஸ்கேனருக்குத்தான். மாலதி யாழ்ப்பாணத்துப் பிள்ளை. "மாமா, ஆக்கள் வரீனம், உந்தக் கதிரையை ஒருக்காத் தாங்கோவன்" என்பாள். வேறு கதிரை எடுக்கச் சொல்வேன். "இந்த வீட்டில பொலிசுக்குத்தான் முதல் கதிரை" என்று போய்விடுவாள்.

பெரிய நகரங்களில் போலீஸ் தன் பேச்சுக்கு ரகசியக் குறியீட்டுப் பூட்டுப் போட்டுவிட்டது. எங்கள் ஊர் இன்னும் போடவில்லை.

2

போலீஸ் பேசுவதைக் கேட்க ஒரு கிழவனுக்கு ஏன் இத்தனை ஆசை என்று ரவி பல தடவை கேட்டிருக்கிறான். அவனிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

சோதனைச் சாவடிகள் இருந்த காலம். ஒரு விசாரணைக்காக நாவலப்பிட்டி போய்விட்டுக் கண்டிக்குப் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். வழியில் எல்லோரையும் இறக்கி வரிசையாக நிறுத்தினார்கள். எனக்கு அடுத்து ஒரு மேசன், சாக்குப் பையில் கரண்டியும் மட்டக்கோலும். அடையாள அட்டை இல்லை. தோட்டத்துத் துரை கொடுத்த கடிதம் மட்டும் இருந்தது. கான்ஸ்டபிள் அதிலிருந்த விவரத்தை வயர்லெஸ்ஸில் வாசித்தான். பதில் வருமுன் ஒரு லாரி வந்து நின்றது. வயர்லெஸ்ஸை மணல் மூட்டையின்மேல் வைத்துவிட்டு லாரிப் பக்கம் போனான்.

பெட்டி தன்பாட்டுக்குச் சிங்களத்தில் பேசியது. கடிதம் சரி, ஆளை விடு என்றது.

எனக்குக் கேட்டது. மேசனுக்கும் கேட்டது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். வரிசையில் டை கட்டியவன் நான் ஒருவன்தான். நான் சொன்னால் எடுபடும் என்று நினைத்திருப்பார். போலீஸ் பேசுவதை ஒட்டுக் கேட்டாயா என்று என்னைக் கேட்டால் என்ன சொல்வது என்று நான் நினைத்தேன். கொண்டக்டர் "நகின்ன, நகின்ன" என்று ஏறச் சொன்னான். என்னுடைய அட்டை ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது. ஏறிவிட்டேன். மேசன் பையோடு அங்கேயே நின்றார்.

கான்ஸ்டபிள் திரும்பி வந்து மறுபடி கேட்டிருப்பான், உடனே விட்டிருப்பான் என்று அன்றிலிருந்து எனக்கு நானே குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்தக் குறிப்பை ஏற்று ஒப்பமிட ஓர் அதிகாரியும் கிடைக்கவில்லை.

3

போன மாதம் ஒரு புதன்கிழமை காலை பத்து மணி. பனி கரைந்து தெருவெல்லாம் சேறு. ரவிக்கு அன்று வீட்டிலிருந்தே வேலை; கீழறையில் வங்கிக் கூட்டத்தில் கணினியின் முன் இருந்தான். நான் தேநீரோடு கதிரைக்குப் பக்கத்தில்.

கடைத்தொகுதிக்கு எதிரே பஸ் நிழற்குடையில் ஒரு வயதான பெண், ஒரு மணி நேரமாக ஒரு பஸ்ஸிலும் ஏறாமல் நிற்கிறார் என்று யாரோ அழைத்திருக்கிறார்கள். ஓர் இளம் அதிகாரி போய்ச் சேர்ந்தார். அந்தப் பெண்ணுக்கு ஆங்கிலம் தெரியவில்லை என்றார். தெற்காசியர் போல் இருக்கிறார், கையில் ஒரு நீல பிளாஸ்டிக் கோவை, தொட விடுகிறார் இல்லை, கட்டுக்கட்டாகப் போட்டோப் பிரதிகள், எல்லாவற்றிலும் ரப்பர் முத்திரை.

தேநீரைக் கீழே வைத்தேன். பால் வாங்கப் போகும்போதும் பிறப்புச் சான்றிதழின் அத்தாட்சிப் பிரதியோடு போகிறவர்கள் உலகத்தில் ஒரு சில நாட்டார்தான்.

முத்திரையில் ஓர் ஊர்ப் பெயர் தெரிகிறது என்று அதிகாரி எழுத்துக்கூட்டினார். பாப்பா, ஆல்பா, நவம்பர், விஸ்கி, இண்டியா, லீமா, ஆல்பா.

பன்வில.

கட்டுப்பாட்டு அறையில் இருந்த பெண் கெட்டிக்காரி. அரை நிமிடத்தில் இலங்கை என்று கண்டுபிடித்தாள். தொலைபேசியில் ஒரு மொழிபெயர்ப்பாளரையும் பிடித்துக் கொடுத்தாள். சிங்கள மொழிபெயர்ப்பாளர். பன்விலத் தேயிலைத் தோட்டங்களில் இருப்பவர்கள் தமிழர்கள் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

இரண்டு நிமிடம் கழித்து அதிகாரியின் குரல் ஸ்கேனரில் திரும்ப வந்தது. தொலைபேசியில் குரல் கேட்டதும் அந்தப் பெண் வாயையே மூடிக்கொண்டார், என்னைப் பார்க்கவும் மறுக்கிறார், மறதி நோயோ மனக் குழப்பமோ இருக்கலாம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் பரிசோதிக்க ஆம்புலன்ஸ் அனுப்புங்கள் என்றார்.

ஆஸ்பத்திரி நடைமுறை எனக்குத் தெரியும். பேசாத பெண்ணைப் பேசாதவர் என்று பதிந்துவிட்டால், பிறகு அவர் பேசினாலும் பதிவுதான் பேசும். வாரக்கணக்காகும்.

சட்டமும் தெரியும். கேட்டதை வைத்து எதுவும் செய்யக் கூடாது. சப்பாத்தைத் தேடினேன்.

மாலதி மருந்துக்கடை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். "எங்க மாமா வெளிக்கிட்டியள்?" என்றாள். சொன்னேன். அவளுக்குச் சொன்னதோடு ஒரு குற்றம் முடிந்தது. இரண்டாவதுக்கு அவளே காரை எடுத்தாள். வழியில் ஒன்று மட்டும் சொன்னாள்: "ஆரும் கேட்டா, சும்மா நடந்து வந்தனான் எண்டு சொல்லுங்கோ."

4

ஆம்புலன்ஸ் எங்களுக்கு முன்னே வந்துவிட்டது. கதவு திறந்திருந்தது. அந்த அம்மாவுக்கு எழுபது இருக்கும். மகனுடையதாக இருக்க வேண்டும், முழங்கால்வரை தொங்கும் ஜாக்கெட். அதற்குக் கீழே சேலை. அதற்குக் கீழே பனிச் சப்பாத்து. கோவையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கண்ணாடிச் சுவரில் முதுகை ஒட்டி நின்றார்.

"வணக்கம்மா. பன்விலயில எந்தத் தோட்டம்?" என்றேன்.

தலை மட்டும் திரும்பியது. "நீங்க யாரு?"

"கண்டிங்க."

"கண்டியில எங்க?"

"கட்டுக்கலை."

"கோயிலுக்கு மேலயா, கீழயா?"

"கீழ."

விசாரணையில் தேறிவிட்டேன். அணைத்த கை கொஞ்சம் தளர்ந்தது. பெயர் செல்லாயி என்றார்.

"இந்த தம்பிகிட்ட சொல்லுங்க, நான் ஒண்ணும் களவெடுக்கல. விசா முடியப் போவுது. மகன் என்னடான்னா கம்பியூட்டர்லயே போட்டாச்சுங்கிறான். ஆளப் பாக்காம, பைலப் பாக்காம எந்தக் கவுர்மெந்துங்க விசா நீட்டும்? கோழி பேக்டரியில லீவு குடுக்கல, அதான் புளுகுறான். நானே கச்சேரிக்குப் போயிருவோம்னு கெளம்பிட்டேன். கச்சேரி பஸ்ஸு ஒண்ணையும் காணோம்."

"அந்தப் போன்ல பேசினாங்களே, அவங்களுக்காவது சொல்லியிருக்கலாமே?"

"போலீஸ்காரன் கையிலருந்து சிங்களம் வருது. பேரு என்ன, ஊரு என்ன, எதுக்கு வந்தேங்குது. நான் என்னத்தச் சொல்ல? வாயத் தொறந்தவங்க எல்லாம் என்ன ஆனாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா?"

அதிகாரியிடம் திரும்பினேன். இவருக்கு எந்தக் குழப்பமும் இல்லை, கச்சேரியை, அதாவது அரச அலுவலகம் ஒன்றை, தேடிப் போகிறார் என்றேன். எந்த அலுவலகம் என்றார். எல்லாக் காரியமும் நடக்கும் ஒரே அலுவலகம் என்றேன். இந்த ஊரில் அப்படி ஒன்று கிடையாதே என்றார். நானும் இங்கு வந்ததிலிருந்து அதை நம்பவில்லை என்றேன்.

ஆம்புலன்ஸ்காரப் பெண் தன் நடைமுறைப்படி கேள்விகள் கேட்டாக வேண்டும் என்றாள். கேட்கட்டும், கேட்க வேண்டியதுதான். நான் மொழிபெயர்த்தேன்.

இன்று என்ன கிழமை?

"புதன். நாளக்கி அமாவாச."

நாட்டின் பிரதமர் யார்?

"எந்த நாட்டுக்கு? நம்மூருலயா, இங்கயா? நம்மூருல மாத்திக்கிட்டே இருப்பாங்க, கேட்டுத்தான் சொல்லணும்."

அந்தப் பெண் பேனாவை மூடிவிட்டாள்.

அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போனது. அப்புறம் செல்லாயி அம்மா என்னைக் கேட்டார்: "நீங்க ஊருல என்ன உத்தியோகம்?"

சொன்னேன். அலுவலகத்தையும் சொன்னேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தார். "அந்த ஆபீசா? எட்டுத் தடவ வந்தேன்யா அங்க. பன்விலயிலருந்து விடியக்கால பஸ்ஸு. எட்டாவது தடவ, சீல் மங்கிப் போச்சு, புதுசா எடுத்தாங்கன்னு அனுப்பிட்டாரு ஒருத்தரு. கண்ணாடி போட்டவரு. மூஞ்ச நிமித்த மாட்டாரு."

எங்கள் பிரிவில் கண்ணாடி போட்டவர்கள் ஏழு பேர். ஏழு பேருமே நிமிர்வதில்லை. நானில்லை என்று சொல்ல என்னிடம் ஆதாரம் ஒன்றும் இல்லை.

"சரி, விடுங்க. அந்த ஆபீசுன்னா உங்களுக்கு வெவரம் தெரியும். நீங்களே பாருங்க" என்று, அதிகாரியைத் தொடவே விடாத கோவையைச் செல்லாயி அம்மா என் கையில் வைத்தார்.

நின்றபடியே பார்த்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு ஒழுங்கான கோவையைக் கண்டதில்லை. பிறப்பு, திருமணம், பிரஜாவுரிமை, கணவரின் மரணம், எல்லாம் மும்மூன்று பிரதி, முத்திரைகள் ஒரே பக்கம் பார்த்தபடி. கடைசியில், அட்டைக்குப் பின்னால், நாலாக மடித்து ஒரு தாள் செருகியிருந்தது. விரித்தேன். விசா நீட்டிப்பு விண்ணப்பம் கிடைத்தது என்ற ஒப்புதல். விண்ணப்பம் தீரும்வரை அவர் இங்கே இருக்கலாம். வீட்டு முகவரி, மகனின் தொலைபேசி இலக்கம், எல்லாம் அதில் இருந்தன.

"இத ஏம்மா பின்னால மடிச்சு வச்சிருக்கீங்க?"

"அதுல சீலே இல்லயே. சும்மா கடுதாசி. தூக்கிப்போட மனசில்லாம வச்சேன்."

"இதுதாம்மா விசாவுக்குப் போட்ட பேப்பர். மகன் பொய் சொல்லல."

தாளை வாங்கித் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். "சீல் இல்லாமயா?" என்றார். கடைசிவரை முழுதாக நம்பவில்லை. குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை.

5

ஆம்புலன்ஸ் காலியாகப் போனது. அதிகாரி அவரைத் தன் வண்டியில் வீட்டுக்குக் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். முன் ஆசனத்தில் என்றால் ஏறுவேன் என்றார் செல்லாயி அம்மா. ஏறிவிட்டார்.

அதிகாரி குறிப்புப் புத்தகத்தோடு என்னிடம் வந்தார். நன்றி சொன்னார். பிறகு, "நீங்கள் எப்படி இந்தப் பக்கம் வந்தீர்கள்?" என்றார்.

மாலதி காரின் கண்ணாடியை இறக்கியிருந்தாள். அவள் கண்ணைப் பார்க்காமல் இருக்க முயன்றேன்.

"என்னிடம் ஸ்கேனர் இருக்கிறது. நீங்கள் பேசியதைக் கேட்டேன். கேட்டதை வைத்து வந்தேன். அது குற்றம் என்று எனக்குத் தெரியும்" என்றேன்.

பேனா நின்றது. "வழிப்போக்கர் ஒருவர் உதவினார் என்று எழுதிக்கொள்கிறேன்" என்றார். நல்ல பையன்.

"அது பொய்ப் பதிவு."

"ஐயா, இரண்டு பேருக்குமே வேலையைக் கூட்டுகிறீர்கள்."

"அப்படியானால் நானே எழுதித் தருகிறேன்."

அன்று பிற்பகலே எழுதினேன், இரண்டு பக்கம், விடயம் என்ற தலைப்போடு. கீழே, பழக்க தோஷம், பிரதிகள் யார் யாருக்கு என்று ஒரு பட்டியல்: போலீஸ் தலைவர், நகரசபை, வானொலி அலைவரிசைகளைக் கவனிக்கும் திணைக்களம். கேட்டதை இன்னொருவருக்குச் சொல்வதும் குற்றம் என்பதும், இந்தப் பட்டியலே அந்தக் குற்றத்தை மூன்று தடவை திரும்பச் செய்கிறது என்பதும் தபாலில் போட்ட பிறகுதான் உறைத்தது. எல்லா நடைமுறையும் தெரிந்தவனுக்கு நேர்கிற கதி இது.

ரவியிடம் இரவுச் சாப்பாட்டின்போது சொன்னேன். கோப்பையைத் தள்ளிவிட்டான்.

"யாருப்பா தன்மேலயே பெட்டிசன் போடுவாங்க?"

"உண்மையத்தான் எழுதினேன்."

"இத்தனை வருசம் இந்த ஊர்ல ஒரு பார்க்கிங் டிக்கட்கூட வாங்கினதில்ல நான். போலீஸ் கண்ணுல படாம இருக்கணும்னு நீங்கதானே சொல்லி அனுப்பினீங்க?"

உண்மைதான். விமான நிலையத்தில் நான் சொன்ன ஒரே புத்திமதி அது. பத்தொன்பது வயதில் போனவன் அதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்து ஐம்பதை நெருங்கிவிட்டான். தமிழ் கொஞ்சம் தேய்ந்துவிட்டது, சாமி கும்பிடுவது நின்றுவிட்டது. அந்தப் பயம் மட்டும் புதிதுபோல் இருக்கிறது.

"தப்பாச் சொல்லிட்டேன்" என்றேன்.

அவன் இதை எதிர்பார்க்கவில்லை. சற்றுத் தணிந்து, "கேளுங்க, வேணாங்கல. கேட்டுட்டு சும்மா இருங்கப்பா" என்றான்.

"ஒரு தடவ சும்மா இருந்து பாத்துட்டேன்டா. அது நல்லால்ல."

மாலதி குறுக்கே வந்தாள். "ரவி, கார் ஓடினது நான். மாமா என்ர பேரையும் கடிதத்தில போட்டவரோ எண்டு முதல்ல கேளுங்கோ."

"போட்டிருக்கேன். சாரதின்னு."

"ஐயோ மாமா!"

6

இரண்டு வாரம் கழித்துப் போலீஸ் நிலையத்துக்கு வரச் சொல்லி அழைப்பு வந்தது. ரவி லீவு போட்டுவிட்டுத் தானே கூட்டிப் போனான். உள்ளே வரவில்லை, காரில் இருந்தான்.

ஒரு பெண் சார்ஜன்ட், ஐம்பது வயதிருக்கும், என் கடிதத்தை மேசையில் விரித்து வைத்திருந்தார். சில இடங்களில் அடிக்கோடு. இவ்வளவு தெளிவான குற்ற ஒப்புதலைத் தம் சேவையில் வாசித்ததில்லை என்றார். நன்றி என்றேன்.

வழக்குப் போடும் எண்ணம் இல்லை, ஆனால் கடிதம் என்று ஒன்று வந்துவிட்டதால் கோவையை மூட ஏதாவது வேண்டும் என்றார். அது நியாயம். ஒரு தாளை நகர்த்தினார். நான்கு வரி. சட்டத்தை விளங்கிக்கொண்டேன், கேட்டதை யாருக்கும் வெளியிட மாட்டேன், கேட்டதை எவ்வகையிலும் பயன்படுத்த மாட்டேன், இப்படிக்கு.

இரண்டு தடவை வாசித்தேன். பேனா கேட்டேன். மூன்றாம் வரியில் 'எவ்வகையிலும்' என்ற சொல்லை ஒற்றைக் கோட்டால் வெட்டி, ஓரத்தில் சுருக்கொப்பமிட்டேன். அதற்கு மேலே எழுதினேன்: "தனக்காகப் பேச ஆளில்லாமல் ஒருவர் நிற்கும்போது தவிர."

முப்பத்தொரு வருடத்தில் என் கவுண்டரில் ஒருவரையும் படிவத்தில் கைவைக்க விட்டதில்லை. அடித்தல் திருத்தல் இருந்தால் வாசிக்காமலே திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

சார்ஜன்ட் வாசித்துப் பார்த்தார். "இப்படி மாற்றினால் இது செல்லாது" என்றார்.

"தெரியும். மாற்றாவிட்டால் நான் கையெழுத்துப் போட மாட்டேன். வழக்குப் பதிவதானால் பதியுங்கள். அந்தப் படிவம் வேறாக இருக்கும். எடுத்தால் நிரப்ப உதவுகிறேன்."

யன்னலுக்கு வெளியே ரவி காரைவிட்டு இறங்கி, கதவில் சாய்ந்தபடி இந்தக் கட்டடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சார்ஜன்டும் அவனைப் பார்த்தார். பிறகு தாளில் தேதி போட்டார், தன் பெயரை எழுதினார், கோவைக்குள் வைத்து மூடினார்.

"அடுத்த தடவை இப்படி ஏதாவது கேட்டால் எங்களுக்கு ஒரு போன் செய்யுங்கள்" என்றார்.

"செய்கிறேன்," என்றேன், "அந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு."